அடையும் தண்ணீரும் ஒரு துணையும்

இந்த மாதச் செய்தியை எழுத உட்கார்ந்தபோது எலியாவைக் குறித்து எழுதலாம் என்று வேதத்தைத் திறந்தேன். ஆனால் ஆவியானவர் முதலில் என்னுடைய தப்பை எழுதச் சொன்னார். ஆகவே அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

1994-ல் கர்த்தர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைத்தார். எத்தனையோ துக்க வீடுகளில் ஜெபித்திருக்கிறேன், எத்தனையோ ஆறுதல் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆறுதலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2012-ல் நம் சபையில் உப்பளத்து வேலைக்குப் போய்வரும் ஒரு தாயாருடைய ஒரே மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். நாற்பது நாள் கழிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாசக் கூட்டம் முடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்தார்கள். "ஐயா, ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. சோறு எறங்க மாட்டேங்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நான் தலையில் கைவைத்து, துக்கத்தின் ஆவியைக் கடிந்து ஜெபித்தேன். பிறகு, "அம்மா, விசுவாசிக்கு இவ்வளவு அழுகை ஆகாது. மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவர்கள் வீடு சபையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான் ஒருநாள்கூட போய்ப் பார்க்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், பிரியமானவர்களே. சோறு இறங்காமல் கிடந்த ஒரு தாய்க்கு நான் கொடுத்த ஆலோசனை, இன்னும் மூன்று நாள் சாப்பிடாதே என்பதுதான்!

2019-ல் என் மனைவியைக் கர்த்தர் தம்மிடத்தில் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் வீடு நிறைய ஜனங்கள். பக்கத்து ஊர் பாஸ்டர்மார்கள் எல்லாரும் வந்தார்கள், ஜெபித்தார்கள், பாடினார்கள். ஆறுதல் கூட்டமும் முடிந்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளும் வேலைக்கு லீவு இல்லை என்று சென்னைக்குப் புறப்பட்டார்கள். அன்றைக்கு ராத்திரிதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. காலையில் எழுந்து இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றிவிட்டு, ஒன்றை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். மறுநாளிலிருந்து காப்பி போடுவதையே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுவேன். ஜனங்கள் அல்லேலூயா சொல்லுவார்கள். திங்கட்கிழமை எழுந்திருக்கவே பிடிக்காது. ஷேவிங் கிடையாது, குளியல் நேரத்துக்குக் கிடையாது. யாராவது போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "உபவாசம்" என்பேன். உண்மை என்ன தெரியுமா? அது உபவாசம் அல்ல. எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு நான் ஒரு பரிசுத்தமான பேரைச் சூட்டிக்கொண்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

அப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்து பார்த்தால் அதே உப்பளத்துத் தாயார், கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே கஞ்சியும், ஒரு சின்ன டப்பாவில் தேங்காய்த் துவையலும். "என்னய்யா, லைட்டுகூட போடாம இருக்கிய?" என்றார்கள். வைத்துவிட்டுப் போங்கள் அம்மா, பிறகு குடிக்கிறேன் என்றேன். "தூக்குவாளிய நான் கையோட கொண்டு போவணும். நீங்க குடிச்சாத்தான் போவேன்" என்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் குடித்தேன். அவர்கள் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. வாளியைக் கழுவினார்கள், "ஸ்தோத்திரம் ஐயா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மறுநாளும் ஏழு மணிக்கு வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து வெட்கத்தோடு கேட்டேன்: "அம்மா, உங்க மகன் போனப்போ நான் உங்களுக்கு ஒண்ணுமே செய்யலையே. எப்படி நீங்க தேறினீங்க?" அந்தத் தாயார் சொன்னார்கள்: "நீங்க சொன்னபடி மூணு நாள் உபவாசம் இருந்தேன் ஐயா. நாலாம் நாளும் அழுகதான் வந்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா வந்து அடுப்பைப் பத்தவச்சு, உலைய வச்சா. 'எந்திரிச்சு அரிசியக் களை'ன்னா. தெனமும் வந்தா. அரிசி களைஞ்சு களைஞ்சேதான் நான் எந்திரிச்சேன்." அந்தப் பக்கத்து வீட்டு அக்கா நம் சபைக்கு வருகிறவரும் அல்ல. நான் அந்தத் தாயாரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் கர்த்தர் பாத்துக்கிட்டாரு ஐயா, கஞ்சி ஆறுது" என்றார்கள்.

இப்போது 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்துக்கு வருவோம். கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கின எலியா, யேசபேலின் ஒரு மிரட்டலைக் கேட்டு ஓடுகிறான். அவன் பெயெர்செபாவுக்கு வந்ததும் என்ன செய்தான்? தன் வேலைக்காரனை அங்கே நிறுத்திவிட்டு, தனியாய் வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போனான். இதை நான் எத்தனையோ முறை வாசித்தும் கவனித்ததில்லை. சாக வேண்டும் என்று ஜெபிப்பதற்கு முன்னே எலியா செய்த முதல் காரியம், கூட இருந்தவனை விட்டுவிட்டதுதான். சோர்வு நம்மிடம் வந்து முதலில் கேட்பதும் அதையே. "யாரும் வரவேண்டாம், என்னைத் தனியா விடுங்க" என்று சொல்ல வைக்கும். தேவபிள்ளையே, அப்படிச் சொல்ல உனக்குத் தோன்றும்போது ஜாக்கிரதையாயிரு.

சூரைச்செடியின் கீழே படுத்துக் கிடந்தவனிடத்தில் கர்த்தர் தம்முடைய தூதனை அனுப்பினார். தூதன் அவனைக் கடிந்துகொண்டானா? நேற்று அக்கினி இறக்கினவன் இன்று இப்படிக் கிடக்கலாமா என்று கேட்டானா? இல்லை. அவனைத் தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தணலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. எலியா சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்கும் கோபப்படவில்லை. தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் வந்து எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசினதெல்லாம் அதற்கு அப்புறம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் பர்வதத்திலேதான். முதலில் சாப்பாடு, தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பிறகுதான் பிரசங்கம். நானோ அந்தத் தாயாருக்கு ஓரேபின் பிரசங்கத்தைக் கொடுத்துவிட்டு, அடையைக் கொடுக்காமல் போனேன்.

அதோடு முடியவில்லை. தான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருப்பதாக எலியா முறையிட்டான். பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கர்த்தர் அவனுக்குக் காட்டினார். ஆனால் எண்ணிக்கையைச் சொன்னதோடு விட்டுவிடவில்லை. பெயர் சொல்லி ஒரு ஆளைக் கொடுத்தார். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா ஏரை விட்டு வந்து எலியாவோடு கூட நடந்தான். பின்னாளில் கில்காலிலும் பெத்தேலிலும் எரிகோவிலும் நீ இங்கே இரு என்று எலியா மூன்று தரம் சொல்லியும், எலிசா அவனை விட்டுப் போகவே இல்லை. பெயெர்செபாவில் துணையை விட்டுவந்தவனுக்கு, விட்டாலும் போகாத ஒரு துணையைக் கர்த்தர் கொடுத்தார். அல்லேலூயா!

சிலர் கேட்கலாம்: "ஐயா, தேற்றரவாளனாகிய பரிசுத்த ஆவியானவர் இருக்கும்போது மனுஷனுடைய துணை எதற்கு?" நல்ல கேள்வி. பவுலை விட ஆவியில் நிறைந்தவர் யார்? அவர் 2 கொரிந்தியர் 7:6-ல் தேவன் தம்மை எப்படித் தேற்றினார் என்று எழுதுகிறார்? தீத்து வந்து சேர்ந்ததினாலே! ரோமாபுரிக்குக் கைதியாய்ப் போகிற வழியில், சகோதரர் சிலர் அப்பியுபுரம் மட்டும், சிலர் மூன்று சத்திரம் மட்டும் அவரை எதிர்கொண்டு வந்தார்கள் என்று அப்போஸ்தலர் 28:15-ல் பார்க்கிறோம். அப்பியுபுரம் ரோமிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் மேல், மூன்று சத்திரம் ஏறக்குறைய ஐம்பது. பஸ்ஸா, ரயிலா? அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு கைதியைப் பார்க்க வந்தார்கள். அவர்களைக் கண்டபிறகுதான் பவுலுக்குத் தைரியம் வந்தது. 2 தீமோத்தேயு 4-ல் அவர் கேட்பதைப் பாருங்கள்: துரோவாவில் விட்டுவந்த மேலங்கி வேண்டும், புஸ்தகங்கள் வேண்டும், மாரிகாலத்துக்கு முன்னே நீ வரவேண்டும். குளிருக்குப் போர்வை, கைக்குப் புஸ்தகம், பக்கத்தில் ஒரு ஆள். இவைகளைக் கேட்க அப்போஸ்தலன் வெட்கப்படவில்லை. ஆவியானவர் தேற்றுகிறார், மெய்தான். அநேக நேரங்களில் தூக்குவாளியோடு வருகிறவர்களைக் கொண்டே தேற்றுகிறார்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு உண்மைச் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டனாயிருந்த ஜான் நியூட்டனை உங்களுக்குத் தெரியும். அவர் 1764-ல் ஓல்னி என்ற சிற்றூரில் சபைப் போதகரானார். 1767-ல் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் அந்த ஊருக்குக் குடிவந்தார். அவர் முன்னமே மனம் உடைந்து, தற்கொலைக்கு முயன்று, சிகிச்சை பெற்று மீண்டவர். நியூட்டன் அவரோடு நடப்பார், வியாதியஸ்தரைப் பார்க்க அவரையும் கூட்டிப்போவார், இருவரும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள். அந்தப் பாடல்கள் 1779-ல் புஸ்தகமாய் வந்தன. இதற்கிடையில், 1773-ல் கூப்பர் மறுபடியும் இருளில் விழுந்தார். நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துப் பராமரித்தார். மேரி அன்வின் என்ற விதவைத் தாயார் கூடவே இருந்து கவனித்தார்கள். 1774-ல் யாரோ கொடுத்த முயல்குட்டிகளைக் கூப்பர் வளர்க்கத் தொடங்கினார். கூண்டு செய்வார், தீனி வைப்பார், தோட்டத்தில் செடி நடுவார். தினமும் கைக்கு ஒரு வேலை இருந்தது.

இந்தக் கதை முழு சுகத்தில் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற பயம் 1800-ல் மரிக்கும் மட்டும் கூப்பரை விடவில்லை. ஆனால் நியூட்டனும் அவரை விடவில்லை. 1780-ல் லண்டனுக்கு மாறிப் போன பிறகும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உனக்கு விசுவாசம் போதாது என்று தள்ளிவிடவில்லை. நம் சபையிலும் ஜெபித்தும் சீக்கிரம் சுகம் கிடைக்காதவர்கள் உண்டு. அவர்கள் பாவிகள் அல்ல, பிசாசு பிடித்தவர்கள் அல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் கூட்டிப்போங்கள், மாத்திரை கொடுத்தால் நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள். அது அவிசுவாசம் அல்ல. ஜெபத்தையும் விடாதிருங்கள், வீட்டுக்குப் போவதையும் விடாதிருங்கள்.

இப்போது சபைக்கு என் தாழ்மையான விண்ணப்பம். துக்க வீட்டுக்கு முதல் வாரம் எல்லாரும் போகிறோம். நாற்பதாம் நாளுக்கு அப்புறம் யார் போகிறது? அப்போதுதான் போக வேண்டும். ஆண்டவர் சீஷரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார், நீங்களும் இரண்டு பேராய்ப் போங்கள். ஒரு நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தவறாமல் போங்கள். போய் அதிகம் பேச வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இராப்பகல் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்! காய் நறுக்கிக் கொடுங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள், பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு வாருங்கள்.

துக்கத்தில் இருக்கிற என் சகோதரனே, சகோதரியே, உனக்கும் ஒரு வார்த்தை. பெரிய காரியம் ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை. மன்னாவைக் கர்த்தர் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கவில்லை, அன்றன்றைக்குக் கொடுத்தார். ஆறுதலும் அப்படித்தான் வரும். காலையில் எழுந்து முகம் கழுவு. ஒரு சங்கீதம் வாசி. அடுப்பைப் பற்றவை. ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் ஜெபிக்கட்டும், நீ ஆமென் சொன்னால் போதும். யாராவது கதவைத் தட்டினால் திற.

அந்தத் தாயாருக்கு இப்போது முழங்கால் வலி, முன்போல் நடக்க முடியாது. ஆகவே திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தூக்குவாளியோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கஞ்சி வைக்க அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள், உப்பு மட்டும் இன்னும் சரியாய் வரவில்லையாம். அங்கே காப்பியும் போடுகிறேன், இரண்டு டம்ளர். ஒன்றும் மீதியாகிறதில்லை.

கர்த்தர்தாமே சூரைச்செடியின் கீழ் கிடக்கிற ஒவ்வொருவருக்கும் அடையையும் தண்ணீரையும் ஒரு துணையையும் அனுப்புவாராக. அதைச் சுமந்து போகிறவர்களாய் நம்மை மாற்றுவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை ஊழியன்