மேசைக்கொரு நீதியா?

விதி எல்லார்க்கும் ஒன்றாக நிற்க வேண்டுமா, நிலைமை கண்டு வளைய வேண்டுமா என்பது பழைய வினா. நீதிமன்றங்களையும் அரசுகளையும் முன்வைத்தே அதனைப் பலரும் ஆராய்வர். நாமோ, பலர் முகஞ்சுளிக்கும் ஓரிடத்தில், அமெரிக்க நாட்டு லாஸ் வேகாஸ் நகரின் சீட்டு மேசையில் வைத்து அதனைப் பார்க்க விழைகிறோம். பணயம் வைத்து ஆடுவது தகுமா என்பது தனி வழக்கு. அதனைப் பிறிதொரு நாள் பேசுவோம்.

போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் உலகத் தொடர் 1970ஆம் ஆண்டில் அந்நகரின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் ஒரு சிலரோடு தொடங்கிற்று. அந்நாளில் விடுதிக்கு விடுதி வழக்கம் வேறு. ஒருவர் 100 என்று பந்தயம் வைக்கிறார். அடுத்தவர் வாய் திறவாமல் 500 மதிப்புள்ள ஒற்றைச் சில்லை முன்னே தள்ளுகிறார். அவர் 100க்கு ஈடு கொடுத்தாரா, பந்தயத்தை 500ஆக உயர்த்தினாரா? எவ்விடையும் தன்னளவில் அநீதியன்று. ஆனால் ஒரே அரங்கில் இரு விடைகளும் வழங்கினால், வழக்கம் அறிந்தவன் அறியாதவனை விழுங்குவான். இத்தகைய குழப்பங்களைத் தீர்க்கவே 2001இல் மாட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜான் ஃபிஷர், டேவிட் லாம்ப் ஆகிய நால்வர் போட்டி நடத்துநர் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் விதிப்படி, சொல்லின்றி வைத்த ஒற்றைச் சில்லு ஈடு மட்டுமே. நால்வரும் தக்க காலத்தில்தான் முனைந்தனர்: உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 2003இல் 839 பேர் ஆடினர்; 2006இல் 8,773 பேர். நுழைவுக் கட்டணமோ 10,000 டாலர்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நண்பர் நால்வர் வீட்டுத் திண்ணையில் ஆடும்போது, நால்வரும் இசைந்தால் எவ்விதியையும் தளர்த்தலாம், எவர்க்கும் தீங்கில்லை. தொடர்ப் போட்டி அவ்வாறன்று. அதில் சில்லுகளைப் பாதியிலே பணமாக்கிக்கொண்டு எழ முடியாது; முற்றும் இழந்தவர் வெளியேறுவார், எஞ்சுவோர் பரிசைப் பகிர்வர். ஆதலின் மூன்றாம் மேசையில் நடுவர் ஒருவருக்குக் காட்டும் சலுகை, ஐம்பதாம் மேசையில் இருப்பவரையும் தொடும். அச்சலுகைக்கு அவர் இசையவில்லை. அப்படியொன்று நடந்தது என்பதைக்கூட அவர் அறியார். மேசையில் இருப்பவரின் கண்ணீர் நமக்குத் தெரிகிறது. இல்லாதவரின் இழப்பு தெரிவதில்லை. கண்முன் நிற்பவருக்கு இரங்குவதையே அறமெனக் கொள்வோர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ண வேண்டும்.

கடினமான ஒரு நிலையைக் கொள்வோம். ஓர் ஆட்டக்காரரிடம் இரண்டு ஏஸ்கள். அதனினும் சிறந்த தொடக்கம் இல்லை. சீட்டு பகிர்பவர் கைதவறி அவற்றை வாரிக் கழிவுச் சீட்டுகளோடு கலந்துவிடுகிறார். விதி என்ன சொல்கிறது? தம் சீட்டைக் காப்பது ஆடுபவரின் பொறுப்பு. அவருக்குப் பரிகாரம் இல்லை, ஈடு கொடுத்த பந்தயமும் திரும்பாது. பிழை ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு! இது நமக்கு இன்றும் கசக்கத்தான் செய்கிறது. ஆயினும் கலந்த சீட்டுகளுக்குச் சான்று ஏது? நேர்மையாளர் ஒருவரின் வாய்மொழியை இன்று ஏற்றால், நாளை பொய்யரின் வாய்மொழியையும் ஏற்க நேரும். அதே விதிநூல், எல்லாரும் காண முகம் மேலாக விரித்துவைத்து, வெற்றி தெளிவாகப் புலப்பட்ட சீட்டைப் பகிர்பவர் கலைத்துவிட இயலாது என்கிறது. சான்று இருக்குமிடத்தில் பரிகாரம் உண்டு, இல்லாவிடத்தில் இல்லை. ஆடுவோர் பலர் ஒரு சில்லையோ சிறு பொம்மையையோ சீட்டின்மேல் வைத்துக்கொள்வது இதற்காகவே.

இத்துணைக் கண்டிப்பான நூலின் முதல் விதியோ வியப்புக்குரியது. ஆட்டத்தின் நலனும் நேர்மையுமே நடுவரின் தலையாய கருத்தாக வேண்டும். அரிய சூழல்களில் விதியின் எழுத்தினும் நேர்மையே மேலோங்கலாம் என்று அது கூறுகிறது. இது முரணா? அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஐந்தாம் பகுதியில் லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களின் ஈய அளவுகோலைச் சுட்டுகிறார். இரும்புக்கோல் அளக்கவியலாத கல்லின் வளைவுக்கு ஏற்ப அது வளையும். வளைவது கல்லுக்காக, கொத்தனின் மைத்துனனுக்காக அன்று. நடுவர் விதியை வளைக்கும்போது நாம் கேட்க வேண்டியதும் இதுவே. தொலைக்காட்சிக் கருவிகள் சூழ அமர்ந்த வாகையருக்கு அளித்த விலக்கை, முதன்முறை வந்த பெயரறியாதவருக்கும் அளிப்பாரா? அளிப்பாரெனில் அந்த விலக்கும் ஒரு விதியாகிவிடுகிறது. இல்லையெனில் அது வெறும் முகதாட்சண்யம்.

விதிகள் மாறாதவை என்றும் நாம் கருதலாகாது. சீட்டு பகிரும்போது ஆடுபவர் தம் இருக்கையில் இருந்தால்தான் அவர் சீட்டு செல்லும். முதற்சீட்டு விழும்போதா, கடைசிச் சீட்டு விழும்போதா என்பதில் சங்கத்தாரிடையே நெடிய வாதம் நடந்தது. சிலகாலம் முதற்சீட்டு என்று வைத்துப் பார்த்தனர். பின்னர்க் கடைசிச் சீட்டுக்கே மீண்டனர். இடைவேளை முடிந்து ஓடிவரும் ஒருவருக்கு இதனால் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அதே நொடிகள் எல்லா மேசைகளிலும் கிடைக்கின்றன.