லோடு ஏறும்போது

ஐப்பசி மதியம். மழை இன்னும் இறங்கவில்லை. கொல்லையில் ஜெனரேட்டர். கயிற்றை இழுக்கிறேன். பிடித்துக்கொள்கிறது.

சீரான ஓட்டம். பெரிதாக எதுவும் இணைக்காத வரை குறையே தெரியவில்லை.

தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைப் போடுகிறேன். சத்தம் கீழே இறங்குகிறது. கொல்லை பல்பு மங்குகிறது.

நின்ற மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் கேட்கும். அந்த நொடி கடக்கட்டும். கடந்த பிறகும் திணறல் நிற்கவில்லை.

மோட்டாரை அணைக்கிறேன். மறுபடி சீர்.

கேட்டபடி இருக்கிறேன்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று. அப்போதுதான் 50 ஹெர்ட்ஸ். சுற்று விழுந்தால் வோல்டேஜும் விழும். காது கேட்பதும் கண் பார்ப்பதும் ஒன்றேதான்.

மறுபடி லோடு. கவர்னர் கம்பி அசைகிறது. திராட்டில் முழுக்கத் திறக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது. வழி திறந்திருக்கிறது. காற்று வருகிறது. போதிய பெட்ரோல் வரவில்லை.

டேங்க் மூடியைத் தளர்த்துகிறேன். மாற்றமில்லை.

ஏர் ஃபில்டரின் பஞ்சு. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. தூசி இல்லை.

புகை கறுக்கவில்லை.

சோக்கைப் பாதி மூடுகிறேன். காற்று குறைகிறது. எஞ்சின் நிமிர்கிறது. லோடு இருக்கும்போதே நிமிர்கிறது.

அணைக்கிறேன். சூடு ஆறக் காத்திருக்கிறேன். வேப்பம்பழம் ஒன்றுகூட இல்லாத மரம். அணில் மட்டும்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றுகிறேன். போன மழைக்காலத்துப் பெட்ரோல். தேன் நிறம். வார்னிஷ் வாசம்.

மெயின் ஜெட். சுண்டு விரல் நுனியை விடச் சிறிய பித்தளை. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன். துளை இருட்டாக இருக்கிறது.

லோடு இல்லாதபோது எஞ்சின் வேறொரு சிறு வழியாகக் குடிக்கிறது. அந்த வழி அடைபடவில்லை. அந்தச் சீரான ஓட்டம் அதனால்தான்.

ஊசி வேண்டாம். பித்தளை மென்மையானது. துளை பெருத்தால் அளவு போய்விடும். வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை. கிளீனரில் நனைத்து, மெதுவாக உள்ளே. தட்டுகிறது. கொஞ்சம் இளகுகிறது. மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது.

ஊதுகிறேன். மறுபடி வெளிச்சத்தில். ஒரு புள்ளி வானம்.

எண்ணம் ஒன்று வந்து போகிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல். கம்பங்கள் சாய்ந்த டெல்டாத் தெருக்கள். வாடகை ஜெனரேட்டர் ஊர் ஊராக நகர்கிறது. மேல்தொட்டி நிறைகிறது. போன்கள் சார்ஜ் ஏறுகின்றன. சத்தம் வரும் திசைக்குக் குடங்கள் நடக்கின்றன.

கிண்ணம் பழைய இடத்தில். புது பெட்ரோல். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை.

கயிறு. சத்தம். சோக் முழுக்கத் திறந்தபடி.

சுவிட்ச்.

சத்தம் ஒரு நொடி தாழ்கிறது. ஏறுகிறது. நிற்கிறது.

பல்பு மங்கவில்லை. மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழுகிறது.

எடுத்து வைக்கும் முன் பெட்ரோல் குழாயை மூடுகிறேன். எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடட்டும்.

கிண்ணத்தில் மாதக்கணக்கில் தங்கும் பெட்ரோல்தான் ஜெட்டை அடைக்கிறது.