லட்சுமிக்குச் சம்பளம் எவ்வளவு?

நவராத்திரி வந்தால் செல்வத்துக்கு லட்சுமி, கல்விக்குச் சரஸ்வதி என்று கும்பிடுகிறோம். அதே வீட்டில் படித்து முடித்த மகள் வேலைக்குக் கிளம்பினால், "நாளைக்குக் கல்யாணம் ஆனா புள்ளைய யாரு பாத்துக்குவா?" என்று கேட்கிறோம். மகனிடம் இதைக் கேட்பதில்லை. ஏன்?

"பெண் வீட்டைப் பார்ப்பதுதான் நம் பண்பாடு" என்பார்கள் சிலர். நம் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. தோட்டத்தில் நம் பாட்டிகள் விடியற்காலையில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவர்கள். அவர்கள் உழைப்பு தோட்டத்துக்குத் தேவைப்பட்டது. அதனால் பிள்ளையைப் பார்க்க ஓர் இடமும் கிடைத்தது. ஆனால் கூலி? 1920களின் இறுதியில் விதிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆகவே, பெண் வேலைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. அவள் உழைப்பைக் குறைத்து மதிப்பதும் புதிதல்ல.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2001-இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதியில், பாலினத்தைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்பது சேர்க்கப்பட்டது. 2023 ஜனவரி முதல், வேலைச் சட்டத் திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தந்தைக்கு 7 நாள் கிடைத்தது. இல்லத்தரசிகளுக்கும் சொக்சோ பாதுகாப்பு வந்துவிட்டது. இருந்தும் உழைக்கும் வயதில் உள்ள ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் ஏறக்குறைய 56 விழுக்காடுதான். அரசாங்கத்தின் இலக்கு 60.

மீதிப் பேர் எங்கே? பெரும்பாலும் வீட்டுப் பொறுப்பில். பிள்ளை பெறுவது தாயின் உடல். அவளுக்கு நீண்ட ஓய்வு வேண்டும், நியாயம். ஆனால் குளிப்பாட்ட, தூங்கவைக்க, தாஸ்காவில் விட, காய்ச்சல் வந்தால் லீவு போட அப்பாவாலும் முடியுமே! சட்டம் வாசல் வரைதான் வரும். அடுப்படிக்குள் நாம்தான் போக வேண்டும்.

வீட்டில் இருப்பது தாழ்வா? இல்லவே இல்லை. விரும்பி இருப்பவரை வணங்குவோம். ஆனால் வேறு வழியில்லாமல் இருப்பதற்கு விருப்பம் என்று பெயர் வைக்கக்கூடாது. ஒரே வேலையை அவள் செய்தால் 'கடமை', அவன் செய்தால் 'ஹெல்ப்' என்றால் அது தர்மம் இல்லை, வசதி. இல்லறம் இருவருக்கும் பொதுவான அறம்.

தம்பிகளே, வேலை நேரத்தை மாற்றிக் கேட்க இப்போது சட்டத்தில் இடமுண்டு. எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த உரிமை ஆண்களுக்கும் உண்டு. தங்கைகளே, ஜாதகம் பார்க்கிற அன்றைக்கே இன்னொன்றையும் பேசிவிடுங்கள்: "புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு லீவு போடுறது?" முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற வீட்டில் லட்சுமி தங்குவாள்.