காத்தலும் உடைமையும்

அமேசான் படுகையின் மென்னீரில், அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகக் குறைந்த நீரில், வாழும் டிஸ்கஸ் மீன், தொட்டியில் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இடையறாத தூய்மையும் வேண்டி நிற்பதோடு, தன் தோலில் சுரக்கும் கோழையையே குஞ்சுகளுக்கு முதல் உணவாக அளிப்பதால், அதனை வளர்த்துப் பெருக்குவது அரிய திறனாகக் கருதப்படுகிறது. ஆயினும், திறன் உரிமையைத் தந்துவிடுமா என்பதே அறவியலின் வினா. சமணம் கொல்லாமையுடன் அபரிக்கிரகத்தையும், அதாவது உடைமைப்பற்று இன்மையையும், பெருநோன்பாக வைத்தது. அந்நோக்கில், மீனைச் சாகாமல் காப்பது மட்டும் போதாது, அதனைத் தன் பெருமைக்குரிய பொருளாகக் கொள்ளும் எண்ணமும் நீங்க வேண்டும். ஓர் உயிரை அடைத்து வைத்தவர் அதன் இயல்புக்கேற்பத் தம் வாழ்வை ஒழுங்கு செய்துகொள்ளக் கடன்பட்டவராகிறார். அக்கடனை ஆற்ற இயலாதவர் அம்மீனை வாங்காதிருப்பதே கருணையின் முதற்செயல் ஆகும்.