நிழல் யாருக்கு, சருகு யாருக்கு?

மரத்துக்குக் குற்றம் உண்டோ என்று கேட்டால் கேட்பவர் நகைக்கக்கூடும். எனினும் நம் நகரத்தில் மரங்கள் நாள்தோறும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றன. முருங்கை மயிர்க்கொட்டியை வளர்க்கிறது. நாவல் வெளுத்த துணியில் கறை வைக்கிறது. பலா முற்றமெல்லாம் சருகைக் கொட்டுகிறது. 'தொல்லை மரம்' என்ற தீர்ப்பு முதலில் வருகிறது. அதன் பின்னே கோடரி வருகிறது. இத்தீர்ப்பு நீதியானதா என்று எண்ணிப் பார்ப்போம்.

கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். பேரே வாவியின் ஓரத்தில் ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்து வைத்த நிலம் இது. 1810இல் பிரித்தானியர் இங்கே ஒரு தாவரத் தோட்டத்தை நிறுவி, இலண்டன் தோட்டத்தின் பெயரால் 'கியூ' என்றழைத்தனர். 1813இல் அது களுத்துறைக்குப் பெயர்ந்தது. 1821இல் பேராதனை சேர்ந்தது. இங்கே எஞ்சியது கியூ வீதி என்னும் பெயர் மட்டுமே. இன்று கொழும்பின் ஏழை மக்கள் 'தோட்டம்' என்று சொல்வது மரஞ்செடிகள் நிறைந்த இடத்தையன்று. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பையே!

இத்தகைய இடத்தில் ஒருவர் முற்றத்து மரம் மற்றவர் கூரையின் மேலேதான் வளர்ந்தாக வேண்டும். வேர் ஒரு வீட்டில், கனி ஒரு வீட்டில், சருகு ஒரு வீட்டில். சருகு பீலியை அடைக்கிறது, நீர் தேங்குகிறது, நுளம்பு பெருகுகிறது. 2017இல் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளாயினர். நுளம்பு பெருக இடங்கொடுப்போரைத் தண்டிக்கும் சட்டமோ 2007இலேயே இயற்றப்பட்டது. "பலாப்பழம் அயல்வீட்டுக்கு, வழக்கு எனக்கா?" என்று ஒரு தாய் நொந்து கேட்டால், அவளை இயற்கையின் பகைவி என்று இகழ்வது அறமாகுமா?

புன்னையை உடன்பிறந்தாளாகப் போற்றிய நற்றிணைப் பாட்டையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் வகுப்பறைகளில் நாம் பெருமையோடு கற்பிக்கிறோம். கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் தேரை ஈந்த பின்னும் பாரிக்கு ஒரு நாடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுவாத்தோட்டத்துப் பெருவீதிகளில் தழைத்த மரங்களின் நிழலில் மோட்டார் வண்டிகள் இளைப்பாறுகின்றன. அம்மரங்களின் சருகைக் கூட்டியவரோ, வெயில் ஏறி நிழலின் அருமை தெரியுமுன்னரே அடுத்த வீதிக்குப் போய்விடுகிறார். நிழல் ஒருவருக்கு, ஈர்க்குமாறு மற்றொருவருக்கு என்று பங்கிட்டது மரமன்று, நாமே.

மரம் உயிரையும் வாங்குமே என்பர். உண்மைதான். 2023 ஒக்டோபர் 6ஆம் நாள் கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் பெருமரமொன்று பஸ்ஸின்மீது வீழ்ந்து ஐவர் மாண்டனர். அவ்வுயிர்களின் முன்னே மரத்தின் புகழைப் பாடுவது கொடுமை. ஆயினும் அந்நிகழ்ச்சி போதிப்பது யாது? மரங்களையெல்லாம் வீழ்த்துக என்பதன்று. நகரத்து மரங்களை நோயாளியைப் பார்ப்பதுபோல் காலந்தோறும் பார்த்து, தளர்ந்ததைத் தாங்கி, பட்டதை அகற்றுக என்பதே. மரத்தால் தன் வேரைத் தானே சோதித்துக்கொள்ள இயலாது. அக்கடமை மனிதருடையது.

மரத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது என விதித்தது. ஊரெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை நடத்திய ஆதர் வி. டயஸ் 'கொஸ் மாமா' என்றே மக்களால் அழைக்கப்பட்டார். அரிசி அருகிய நாட்களில் பலாவே ஏழையின் சோறு. அங்கே முற்றத்தின் தூய்மையன்று, வயிற்றின் பசியே நீதிபதியாக அமர்ந்தது.

'தொல்லை' என்னும் சொல்லை மற்றொரு காரணத்தாலும் நாம் அஞ்ச வேண்டும். அது மரத்தோடு நிற்பதில்லை. 2010 மே மாதத்தில் இதே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் இராணுவத்தின் காவலோடு வீடுகள் இடிக்கப்பட்டன. அனுமதியற்றவை என்றனர் அதிகாரிகள். எம்மிடம் உறுதிகள் உள்ளன என்றனர் குடியிருந்தோர். அழகான நகரம் வேண்டுமென்போரின் கண்ணுக்கு மரத்தின் சருகும் மனிதரின் குடிசையும் ஒன்றாகவே தோன்றுகின்றன. உயர்ந்த மாடியிலிருந்து நோக்குபவருக்குக் கீழே உள்ளவை எல்லாம் இடைஞ்சலே!

ஆகவே, மரத்தை வெட்டுவதா காப்பதா என்பது இரண்டாவது கேள்வி. அதன் நன்மையும் சுமையும் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதே முதற் கேள்வி. கனியில் பங்கு பெறுபவன் கூட்டுவதிலும் பங்கு பெறட்டும். கிளை தறிக்கும் செலவை மரத்துக்கு உடையவன் ஏற்கட்டும். அவனும் ஏழையாயின் நகரசபை ஏற்கட்டும். தெருக்கூட்டும் தொழிலாளிக்குத் தக்க ஊதியமும் அவர் குடியிருப்பிலும் நிழலும் கிடைக்கட்டும். இவையெல்லாம் செய்த பின்னும் ஒரு மரம் உயிருக்கு ஊறு செய்யுமாயின், அதனடியில் வாழ்வோரே கூடி முடிவு செய்யட்டும்.

அயலவரோடு பகிர்ந்து வாழக் கற்ற தெருவில் சருகும் விழும், நிழலும் விழும். அங்கே கோடரிக்கு வேலை குறைவு.