யார் வரவில்லை?



தீபாவளியை ஒட்டிப் பிறக்கும் வீர நிர்வாண ஆண்டில், ‘ஒன்றுபடுவோம்’ என்று நம் பெரியோர் அறிவுறுத்துவது வழக்கம். (சொன்னதும் பந்திக்கு எழுந்துவிடுவதும் வழக்கமே!) காங்கேயத்திற்கு வடக்கே விசயமங்கலத்தில் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபரின் ஆலயம் இன்றும் நிற்கிறது, பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரின் ஊர் அது. கோபுரம் நிலைத்தது, சூழ வாழ்ந்த சமணக் குடிகளோ அருகிவிட்டன.

வந்தவாசி, செஞ்சிப் பக்கத்திலிருந்து பின்னலாடைத் தொழிலை நாடி இங்கு வந்து தங்கும் நம்மவர்க்கு அருகில் சினாலயம் இல்லை. இரவுப் பணியிலோ இராவுணவு நீக்கும் விரதமும் இடறுகிறது. ஒன்றுக்கொன்று உதவுதலே உயிர்களின் இயல்பென உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அருளியுள்ளார். ஆதலின், இவ்வாண்டு வந்தோரை எண்ணி மகிழ்வதை விடுத்து, வராதோர் யாரெனக் கேட்போம். தலைவர்களே முதலில் அவர்தம் இல்லம் செல்வார்களாக. கதிர் மறையுமுன் உண்ணத்தக்க உணவையும் உடன் கொண்டு செல்வார்களாக.