எல்பிடபிள்யூ கிடையாது

பென்னாகரத்து டென்னிஸ் பால் மேட்சுகளில் அம்பயர் என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. பேட்டிங் டீமில் இன்னும் முறை வராத பையன் ஸ்டம்புக்குப் பின்னால் போய் நிற்பான். அவன் முறை வந்ததும் வேறொருவனை நிறுத்திவிட்டு மட்டையோடு போய்விடுவான். டாஸ் போடும்போதே ஒரு பேச்சு முடிந்துவிடும்: எல்பிடபிள்யூ கிடையாது.

அது ஏன் என்று யோசித்தபடி சில ஞாயிறுகளாக எல்லைக் கோட்டருகே உட்கார்ந்திருக்கிறேன்.

*

ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் மறித்தால் அவுட், அதுதான் எல்பிடபிள்யூ. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? காலில் எந்த இடத்தில் பட்டது, அடிக்க முயன்றானா? இவை நடந்தவை, பார்த்தால் தெரியும். கால் குறுக்கே இல்லாவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பது மட்டும் நடக்காதது. நடக்காத ஒன்றை மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேட்டிங் டீம் பையனின் மனத்தில் அந்தப் பந்து எப்போதும் லெக் பக்கம் விலகித்தான் போகும். பொய் சொல்கிறான் என்று சொல்ல மாட்டேன். அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. நம்ப ஆள் இல்லாததால் விதியையே எடுத்துவிட்டார்கள்.

*

டெஸ்ட் கிரிக்கெட்டிலும் வெகுகாலம் உள்ளூர் அம்பயர்கள்தான். தோற்றுப்போன அணி ஊர் திரும்பியதும் முதலில் அவர்களைத்தான் திட்டும். 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்ட்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போய் நின்றார்கள். பாகிஸ்தான் ஆட்டத்துக்கு இந்திய அம்பயர்கள்! மூன்றாம் நாட்டவர் தீர்ப்பு அங்கே எடுபட்டது என்றால் எங்கேயும் எடுபடும். 1994-இல் டெஸ்ட் அம்பயர் இருவரில் ஒருவர் வெளிநாட்டவர் என்றும், 2002-இல் இருவருமே வெளிநாட்டவர் என்றும் ஐசிசி வழக்கமாக்கியது.

*

அம்பயராக நிற்பவர் பழக வேண்டியதில் முதலாவது கண். பந்து வீசுபவரின் முன்கால் கிரீஸைத் தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்த கண், அடுத்த அரை நொடிக்குள் எதிர் முனைக்கு நிமிர வேண்டும். பெரிய ஆட்டங்களில் முன்கால் நோ-பாலை இப்போது டிவி அம்பயர் பார்த்துக்கொள்கிறார். மாவட்ட லீக்கில் அந்த வசதிக்கு எங்கே போவது?

பிறகு காது. மட்டையில் உரசிய சத்தமா, பேடில் உரசியதா?

கடைசியில் மறதி. போன ஓவரில் கொடுக்காத அவுட்டுக்கு இந்த ஓவரில் சரிக்கட்டும் ஆசைதான் அம்பயரைக் கெடுப்பது. ஒவ்வொரு பந்துக்கும் பழைய கணக்கில்லாமல் நிற்க வேண்டும். இது சாமியார்களுக்கே கைகூடுவது அபூர்வம்.

*

பேஸ்பாலில் கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அம்பயர், மட்டை வீசாமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் தானாகவே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் எதிரணி கேட்காமல் அவுட் கொடுக்கக் கூடாது. கேட்ட பிறகும் ஒரு மூச்சு நிதானிக்கலாம். அந்த ஒரு மூச்சு பெரிய சலுகை.

*

நம் வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர். ஆஃப் ஸ்பின்னர், அதாவது கை தூக்கி அப்பீல் கேட்டே வளர்ந்தவர். பிறகு 73 டெஸ்ட்டுகளில் அம்பயராக நின்று, மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையைச் சேர்ந்த ஜனனி பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்ல, என்ஜினியரிங் படித்தவர். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக அம்பயராக நின்ற மூன்று பெண்களில் அவரும் ஒருவர். அம்பயராகப் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்காக அம்பயர் தேர்வு சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022-இல் பிசிசிஐ அகமதாபாத்தில் வைத்த தேர்வில் 140 பேர் எழுதி 3 பேர்தான் தேறினார்கள். அதில் ஒரு கேள்வி: மரத்தின் நிழலோ ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது என்று பேட்ஸ்மேன் முறையிட்டால் என்ன செய்வீர்கள்? மரத்தின் நிழலைக் கண்டுகொள்ள வேண்டாம். ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைவதுதான் குற்றம், நிழல் அல்ல. இந்தக் கேள்வியை வைத்தவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

*

பையன்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த மேட்சுக்கு ஏரியூரிலிருந்தோ பாப்பாரப்பட்டியிலிருந்தோ இரண்டு டீமுக்கும் சம்பந்தமில்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். அந்த ஒரு ஆட்டத்துக்காவது எல்பிடபிள்யூ உண்டு என்று பேசி வையுங்கள்.